பேனா இல்லாமல் லேடாங் மலைக்கு

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்குச் சிங்கப்பூர் டாங்க் ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறியபோது என் சட்டைப்பையில் பேனா இல்லை. பத்தொன்பது வயதில் கப்பலிறங்கி இந்த ஊருக்கு வந்தவன் நான். இப்போது நாற்பத்தாறு நடக்கிறது. இடையில் ஒரு நாள்கூடப் பேனா இல்லாமல் வீட்டுப் படி இறங்கியதில்லை. ரயில் நகர்ந்த பிறகும் என் கை இரண்டு மூன்று தடவை தானாகப் பைக்குப் போய், வெறுமையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் நான் ஆற்றங்கரையில் ஓர் அரிசிக் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. விடியற்காலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறவன். சித்திரை மாதத்தில் ஒருநாள் எழுதிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொண்டது. மற்ற விரல்கள் அதன்மேல் இறுகின. பேனாவை விடுவிக்க இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஆனி பிறப்பதற்குள் இது தினமும் நடக்கும் காரியமாயிற்று. சிராங்கூன் ரோடு டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூன்று வாரம் ஒரு கோடுகூடப் போடக் கூடாது. கையெழுத்தும் கூடாது. இப்போது நிறுத்தினால் கை திரும்பக்கூடும். நிறுத்தாவிட்டால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை" என்றார். இந்தக் கை போனால் என் பகலும் போயிற்று, விடியற்காலையும் போயிற்று. கிடங்கில் மூன்று வார விடுப்புக் கொடுத்தார்கள். பத்திரிகை ஆசிரியரும் அரைமனதாகச் சம்மதித்தார்.

ஆகவே இந்தப் பயணத்தில் நான் குறிப்பு எடுக்கவில்லை. ஊர்களையும் தூரங்களையும் விரல்கணுக்களில் எண்ணி மனத்தில் வைத்துக்கொண்டேன். அதனால் எங்கேனும் பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர்த் தீவைக் கடந்து ரயில் ஜொகூர்க் கடற்பாலத்தின்மேல் ஏறியது. பாலம் திறந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன்பு இங்கே இறங்கிப் படகில் அக்கரை போக வேண்டும். இப்போது கருங்கல்லைக் கொட்டிக் கடலை இரண்டாகப் பிரித்து அதன்மேல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். சன்னலின் இருபுறமும் தண்ணீர். நடுவே நாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்து போகிறோம். ஜொகூர் பாரு தாண்டியதும் ரப்பர்த் தோட்டங்கள் தொடங்கின. வரிசை வரிசையாக நேர்கோட்டில் மரங்கள். ரயில் ஓட ஓட ஒவ்வொரு வரிசையும் ஒரு கணம் வழிபோலத் திறந்து உடனே மூடிக்கொண்டது. கூலாய் வரையில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெங்கத்தில் ஒரு நடுவயதுப் பெண் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தாள். தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் என்பதைப் புடவையில் உறைந்திருந்த ரப்பர்ப் பால் கறையே சொல்லிற்று. மடியில் கால் கட்டிய சேவல் ஒன்று.

"எங்க போறீங்க?"

"தங்காக்கிற்கு."

"யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் எதுவும் இல்லை, அம்மா."

அவள் முகத்தைத் துக்கத்திற்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டாள். "அப்ப சாவா? யாரு?"

"யாரும் சாகவில்லை. ஓய்வுக்காகப் போகிறேன். கை சரியில்லை."

அவள் என் வலது கையைப் பார்த்தாள். அதில் வீக்கமோ கட்டோ ஒன்றும் இல்லை. "கைக்கு ஓய்வு குடுக்க ரயிலு ஏறணுமா? வூட்டுலயே மடியில வச்சிக்கிட்டு உக்காந்தா ஆகாதா?" என்றாள். பிறகு, படித்தவர்கள் விஷயத்தில் தலையிடக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, சேவலின் கொண்டையைத் தடவிக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள். குளுவாங்கில் இறங்கும்போது, "ராத்திரில நல்லெண்ணெ தேய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கேட்டதற்குச் சரியான பதில் என்னிடம் இருந்தது, வெட்கத்தால் சொல்லவில்லை. வீட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார எனக்குத் தெரியாது. என் அறைச் சுவரில் ஒரு கால அட்டவணை இருக்கிறது. எழுத்து, குளியல், கிடங்கு, அச்சுப்பிழை திருத்தம், சாப்பாடு, தூக்கம் என்று இருபத்து நான்கு மணி நேரமும் அதில் அடங்கிவிடும். சில வருஷங்களுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பின்னால் கால்மணி நேரம் 'ஓய்வு' என்று ஒரு கட்டம் சேர்த்துப் பார்த்தேன். அந்தக் கால்மணி நேரத்தில் பென்சில்களைச் சீவி வைக்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. அப்படிச் சீவிய பென்சில்களில் ஒன்று, சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், இந்தப் பயணத்திலும் என் இடுப்புப் பெல்ட்டின் உறைக்குள் ஒரு மடித்த தாளோடு இருந்தது. டாக்டர் கோடு என்றது பேனாக் கோட்டைத்தான், பென்சில் கோட்டை அல்ல என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

பகல் ஒன்றரைக்குச் செகாமட். சிங்கப்பூரிலிருந்து சுமார் நூற்றிருபது மைல். ஸ்டேஷன் எதிரே சீனர் கடையில் காப்பி ஐந்து காசு. கெட்டியாக, கருப்பட்டி நிறத்தில் இருந்தது. அங்கிருந்து தங்காக்கிற்கு முப்பத்திரண்டு மைல் மோட்டார் பஸ். ஏழு பேர் உட்காரும் வண்டியில் பத்துப் பேரும் ஒரு மூட்டை உப்புக்கருவாடும் போனோம். கருவாட்டுக்குத்தான் நல்ல இடம்.

பாதிக்கு மேல் வந்திருப்போம். ஒரு வளைவில் வண்டி திரும்பியதும் மரங்கள் விலகின. வலதுபுறம் வானத்தில் பாதியைக் காணவில்லை. முதலில் மழைமேகம் என்று நினைத்தேன். பிறகு அந்த மேகத்தில் மடிப்புகள் தெரிந்தன. மடிப்புகளில் மரங்கள் தெரிந்தன. நாலாயிரம் அடிக்கு மேல் உயரம் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். அடிக்கணக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. சமதரையில் கூரைகளுக்கும் பாய்மரங்களுக்கும் நடுவே வாழ்கிறவன் கழுத்தை இவ்வளவு பின்னால் சாய்த்துப் பார்க்கப் பழகியவன் அல்ல. வண்டியில் வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மலாய்க்கார டிரைவர் மட்டும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லேடாங்" என்றார், தம் வீட்டைக் காட்டுகிறவர் போல.

தங்காக்கில் நான் தங்கியது சவரிமுத்துவின் வீட்டில். இளவயதில் சிங்கப்பூரில் ஒரே வாடகை அறையில் என்னோடு ஐந்து வருஷம் இருந்தவன். இப்போது ரோடு இலாகாவில் ஓவர்சியர். ஆள் பருத்துவிட்டான், வாய் மட்டும் அன்றிருந்ததுபோலவே இருக்கிறது. அவன் மனைவி லூர்தம்மாள் என் கதையின் வாசகி. பத்திரிகை வரும் வாரம்தோறும், ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்துச் சத்தமாகப் படிப்பது அவள் வழக்கம் என்று சவரி முன்பே சொல்லியிருக்கிறான். ஆனால் அவள் என்னை வரவேற்ற விதத்தை அவன் எச்சரித்திருக்க வேண்டும்.

நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏண்ணே, அந்தப் பங்கஜத்த ஏணியிலயே நிக்க வச்சிட்டீங்களே, இது நியாயமா?" என்றாள்.

பங்கஜம் என் கதாநாயகி. நாகப்பட்டினத்திலிருந்து தனியாகக் கப்பலேறிச் சிங்கப்பூர் வருகிறாள். கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியில் பாதி இறங்கியிருக்கும்போது கீழே படகிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்த வாக்கியத்தை எழுதி முடித்த காலையில்தான் என் விரல்கள் கடைசியாக மடங்கின. அத்தோடு பத்திரிகையில் 'ஆசிரியர் உடல்நலக் குறைவு' என்று இரண்டு வரி போட்டார்கள்.

"அவர உள்ள வரவுடு. மொதல்ல தண்ணி குடு" என்றான் சவரி.

"தண்ணி குடுக்கத்தான் போறேன். கூப்பிட்டது யாருண்ணே? புருசனா, அந்தக் கடங்காரனா?"

"எழுதும்போதுதானம்மா எனக்கே தெரியும்."

அவள் நம்பவில்லை. டம்ளரை நீட்டிக்கொண்டே வேறொன்று கேட்டாள். "சரி, அது போவட்டும். அவ அந்த ஏணியில நின்னாளே, அங்கேருந்து பாத்தா என்னா தெரியும்?"

நான் குடிப்பதை நிறுத்தினேன். "ஏன் கேட்கிறாய்?"

"நாங்க பொம்பளைங்க பேசிக்கிட்டோம். நான் இங்கயே பொறந்தவ, கப்பலே ஏறினதில்ல. அந்தோணியம்மா ஏறி வந்தவங்க, அவங்களுக்கு மயக்கம், ஒண்ணும் ஞாபகமில்லயாம். நீங்களும் ஒண்ணும் எழுதல. அதான்."

எனக்குப் பதில் தெரியவில்லை. "கடல் தெரியும்" என்றேன்.

"கடலு எனக்கும் தெரியும்லா" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் தங்காக்கில் ஓய்வெடுக்க முயன்றேன். ஒரே பெரிய தெரு, இருபுறமும் கடைகள், துணிக்கடைகளில் கைலிகளை மேலிருந்து கீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். தெருவின் எந்த இடத்தில் நின்றாலும் முனையில் மலை தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன். கைலிகளின் கட்டங்களை எண்ணினேன். சவரி வீட்டுச் சுவர்க்கடிகாரம் நான்கு நிமிஷம் தாமதமாக ஓடுவதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். சாயங்காலம் அவன் வந்து என்னைப் பார்த்ததும், "அண்ணே, ஒங்களுக்கு இங்க ஒக்காரத் தெரியல. நாளைக்கும் மறுநாளும் நான் லீவு. மேல போலாம்" என்றான்.

புதன்கிழமை விடிந்ததும் ஏழு மைல் பஸ்ஸில் போய்ச் சாகில் என்ற கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இறங்கினோம். எங்களை அழைத்துப் போக ஒரு மலாய்ப் பெரியவர் காத்திருந்தார். 'பா லாங்' என்று ஊரே அழைக்கிறது. மூத்த மாமா என்று அர்த்தம். வழிகாட்டுவதற்கு இரண்டு வெள்ளி என்று பேச்சு. அறுபது வயதிருக்கும். நல்ல கறுப்புத் தொப்பி, வாய் நிறைய வெற்றிலை. சவரி அவருக்கென்று வாங்கி வந்த மிட்டாய்ப் பொட்டலத்தை முதலில் பிரித்துச் சுவைத்துப் பார்த்து, போன தடவை வாங்கியது இதைவிட நன்றாயிருந்தது என்றார். பிறகு மலையின் முறைகளைச் சொன்னார். அவர் மலாயில் சொல்லச் சொல்லச் சவரி எனக்குத் தமிழில் சொன்னான்.

"மேல போனப்பறம் பேரு சொல்லி யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. மலைக்கு ஒங்க பேரு தெரிஞ்சா அதுவும் கூப்பிடுமாம்."

"சரி."

"இன்னொண்ணு. இன்னும் எவ்வளவு தூரம், எப்ப போய்ச் சேருவோம், இது கேக்கவே கூடாது. கேட்டா மலை தூரத்த நீட்டிக்குமாம்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடிதான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பா லாங் அதைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். சவரி விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒங்களுக்குப் பேரு வச்சிட்டாருண்ணே. மலையில நீங்க 'பா ஜாம்'. கடிகார மாமா! அதக் கழட்டிப் பையில போடச் சொல்றாரு."

"உனக்கு என்ன பெயர்?"

அவன் சிரிப்புச் சற்றுக் குறைந்தது. "எனக்குப் போன வருசமே வச்சிட்டாரு. 'பா பீசிங்'. சத்தக்கார மாமா."

இந்த இடத்திலிருந்து என் விவரணையில் மணி இராது. கடிகாரம் சவரியின் மூட்டைக்குள் போய்விட்டது.

ரப்பர் மரங்கள் முடிந்ததும் காடு ஆரம்பித்தது. தோட்டத்து மரங்களுக்கு இடையே நடக்கும்போது இருந்த வெளிச்சம் ஒரு கதவைச் சாத்தியதுபோல நின்றது. அடிமரங்கள் எங்கள் மூவரின் கைகளைக் கோத்தாலும் அடங்காதவை. அவற்றின் வேர்கள் சுவர்போலத் தனியே எழுந்து நின்றன. நாங்கள் அந்தச் சுவர்களுக்கிடையே சந்துகளில் நடப்பதுபோல நடந்தோம். ஒரு ஓடை கூடவே இறங்கி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் தேநீர் நிறம், ஆனால் கையில் அள்ளினால் கண்ணாடி. ஒருமுறை தலைக்கு மேலே பெரிய துருத்தி ஊதுவதுபோன்ற ஓசை கேட்டது. இரண்டு இருவாய்ப் பறவைகள் சிறகடித்துப் போயின. பறவையின் சிறகிலிருந்து இத்தனை ஓசை வரும் என்று நான் அறிந்ததில்லை. அட்டைகள் என் கால் மேஜோட்டுக்குள் நுழைந்தன. சவரிக்கு அட்டை ஏறினால் அலறல். அவன் அலறும் ஒவ்வொரு தடவையும் பா லாங், "பீசிங், பீசிங்" என்று தலையசைத்தார்.

ஏற ஏற மரங்கள் குட்டையாகின. கடைசியில் அவை எங்கள் தோளுயரத்திற்கு வந்து, பாசி போர்த்திக்கொண்டு, முறுக்கிக்கொண்டு நின்றன. பிறகு அவையும் விலகின. பாடாங் பத்து என்று அந்த இடத்தை அழைக்கிறார்கள், கல் மைதானம் என்று பொருள். சாய்வான பெரிய பாறை. அதன் வெடிப்புகளிலெல்லாம் செடிகள். அந்தச் செடிகளின் இலைநுனிகளில் தொங்கிக்கொண்டு மூடி போட்ட சிறு செம்புகள்! குரங்கின் சட்டி என்று மலாய்க்காரர் சொல்லும் செடி இது. ஒவ்வொரு செம்பிலும் தண்ணீர் இருந்தது. எறும்பொன்று விளிம்பில் வழுக்கி உள்ளே விழுந்ததைக் கண்ணால் கண்டேன். இலையே பாத்திரமாகி, மூடியும் செய்துகொண்டு, இரைக்குக் காத்திருக்கிறது. யாரும் ஏறி வராத பாறையில் இத்தனை நுணுக்கமான வேலை யாருக்காக நடக்கிறது என்று பிரமித்து நின்றேன்.

அப்போதுதான் தவறு செய்தேன். உச்சி மேலே தெரிந்தது. கைக்கெட்டும் தூரம்போலவும் இருந்தது, வேறு தேசம்போலவும் இருந்தது. பழக்கம் நாக்கில் இருந்தது. "சவரி, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு முறைகளையும் உடைத்துவிட்டேன். பா லாங் நின்றார். சவரி, "அலமாக்!" என்று வாயைப் பொத்திக்கொண்டான். என்னையோ மலையையோ குறை சொல்லாமல் பா லாங் பாறையில் துண்டை விரித்து உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

"என்ன செய்யச் சொல்கிறார்?" என்றேன்.

"ஒக்காரச் சொல்றாரு. மலை மறக்கற வரைக்கும் ஒக்காரணுமாம்."

"அது எப்போது மற..." என்று தொடங்கி நானே நிறுத்திக்கொண்டேன். சவரி கும்பிட்டான்.

உட்கார்ந்தோம். சொல்லிவைத்தாற்போல, பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஏதோ ஏறி வந்தது. முதலில் கீழேயுள்ள மரங்கள் போயின. பிறகு செம்புச் செடிகள், பிறகு பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த சவரி. அவன் குரல் மட்டும், "பா ஜாம், இருக்கீங்களா?" என்றது. இருக்கிறேன் என்றேன். அவன் அதற்கப்புறம் பேசவில்லை. அவன் வாழ்நாளில் நான் கேட்ட முதல் மௌனம்.

என்னை யாரும் பார்க்க முடியாது என்று தெரிந்ததும் பென்சிலையும் தாளையும் எடுத்தேன். இந்தப் பனிமூட்டத்தை எழுதிவிட வேண்டும் என்ற ஆசை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் வீணாகிறதே என்ற பதைப்புத்தான் மீதி. முட்டியின்மேல் தாளை வைத்து இரண்டு சொல் எழுதியிருப்பேன். கட்டைவிரல் உள்ளே மடங்கியது. விரல்கள் இறுகின. இடது கையால் அவற்றைப் பிரித்தபோது பென்சில் நழுவிப் பாறையில் விழுந்து, உருண்டு, டக் டக் என்று எங்கோ கீழே போயிற்று. வெகு நேரம் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததுபோல் எனக்குத் தோன்றிற்று. வலது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் சொன்ன பத்து நாளில் பாதிகூட ஆகவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்ல முயன்றேன். அவர் சொன்னது பத்து நாள் அல்ல, மூன்று வாரம் என்பதுகூட மறந்துவிட்டது. அவ்வளவு பயம். இனி இந்தக் கை திரும்பவே திரும்பாது என்று அந்த வெண்மைக்கு நடுவே நிச்சயமாக நம்பினேன்.

செய்வதற்கு ஒன்றும் இல்லை. என் பக்கத்திலிருந்த ஒரு செம்பின் மூடியில் பனி கோத்து, துளியாகித் தொங்கியது. அது விழுமா விழுமா என்று பார்த்திருந்தேன். விழுந்தது. அடுத்தது கோக்க ஆரம்பித்தது. எத்தனை துளிகள் என்று எண்ணவில்லை. எண்ணாததைப் பிறகுதான் உணர்ந்தேன். தூரத்தில் ஊங்கா என்னும் குரங்கு கூவத் தொடங்கி, மேலே மேலே ஏறி, உச்சியில் நின்றது. நான் பங்கஜத்தைப் பற்றி நினைக்கவில்லை. ஆனால் அவள் அங்கே இருந்தாள். வெண்மைக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏணியில் நின்றாள். கீழே படகிலிருந்து கூப்பிட்டவர் யார் என்பதும் தெரிந்தது. லூர்தம்மாளின் கேள்வி மறுபடியும் வந்தது. அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும்?

எனக்கு ஏன் தெரியவில்லை என்பது அப்போது விளங்கிற்று. அதே ஏணியில் நானும் இறங்கியிருக்கிறேன். பத்தொன்பது வயதில், குனிந்த தலையோடு, காலடியைப் பார்த்துக்கொண்டு, என் மூட்டைகள் நான்கும் படகுக்கு வந்துவிட்டனவா என்று எண்ணிக்கொண்டே இறங்கினேன். ஒரு தடவைகூட நிமிரவில்லை. அதற்குப் பிறகும் நிமிரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். என் கதைகளில் எல்லோரும் வருகிறார்கள், போகிறார்கள், அழுகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள். யாரும் எங்கும் உட்கார்ந்ததில்லை. இரண்டு மணி நேரம் எழுத ஒதுக்கிய நான், எழுதவேண்டியதைப் பார்ப்பதற்கு என்று அரைமணிகூட ஒதுக்கவில்லை.

பிறகு வெளிச்சம் மாறியது. மூட்டம் கிழிந்தது என்று சொல்ல மாட்டேன். அது தரைவிரிப்பைச் சுருட்டுவதுபோல ஓரத்திலிருந்து சுருண்டுகொண்டு போயிற்று. காலடியில் காடு, காட்டுக்கு அப்பால் ரப்பர்த் தோட்டங்கள் கைலிக் கட்டங்களாக, அதற்கும் அப்பால் மூவார் ஆறு வளைந்து வளைந்து போய்ச் சேருமிடத்தில் தகடாய் மின்னும் மலாக்கா ஜலசந்தி. நான் ஓட்டமாக ஓடி, எண்ணி, கூட்டி வாழ்ந்த உலகமெல்லாம் அதற்குள் எங்கோ ஓர் அரிசி அளவுக்கு இருந்தது. சவரி தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான். பா லாங் எழுந்து துண்டை உதறினார். "சூடா லூப்பா" என்றார். "மறந்துட்டதாம்" என்றான் சவரி, மெல்லிய குரலில்.

அன்றிரவு ஒரு பாறைக் குகையில் தங்கி, வியாழக்கிழமை காலை உச்சிக்குப் போய் வந்தோம். உச்சி அழகானதுதான், ஆனால் என் மனம் கல் மைதானத்திலேயே இருந்தது. இறங்கும்போது பா லாங் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். 'பா ஜாம் இப்போது என்ன மணி என்று சொல்லட்டும் பார்க்கலாம்' என்றாராம். தெரியாது என்றேன். மிட்டாயில் ஒன்றை எடுத்து எனக்கு நீட்டினார்.

வெள்ளிக்கிழமை சவரி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்; அன்றைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை தங்காக்கில் பஸ் ஏறினேன். ஆள் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும். நிரம்பும்வரை சவரியும் லூர்தம்மாளும் சன்னலருகே நின்றார்கள். ஒரு பையில் முறுக்கும் இன்னொரு பையில் ரம்புத்தான் பழமும் கொடுத்திருந்தாள்.

"அண்ணே, கை தேவலையா?"

"தெரியாதம்மா. இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை." பிறகு சொன்னேன், "கூப்பிட்டது யார் என்று மலையில் எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டுமானால் சொல்கிறேன். கை வராமல் போனாலும் உனக்காவது கதை தெரிந்திருக்கட்டும்."

அவள் முகம் மலர்ந்தது; உடனே அதை அடக்கிக்கொண்டாள். சவரி, "சொல்லுங்கண்ணே, இவ தூங்காம என்னைத்தான் நச்சரிக்கிறா" என்றான்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவனை அதட்டிவிட்டு என்னிடம் திரும்பினாள். "வேணாண்ணே. எழுதி வரட்டும். நாங்க எல்லாருமா சேந்து படிச்சுக்கறோம்."

"எப்போது வருமோ, தெரியாதே."

"வரப்ப வரட்டும். அவ பாவம், நாலு வருசமா ஓடிக்கிட்டே இருக்கா. மொதல்ல புருசனத் தேடி ஓடினா, அப்புறம் கோர்ட்டுக்கு, அப்புறம் கப்பலுக்கு. செத்த நேரம் நிக்கட்டுமே. காத்து நல்லா வரும்ல அங்க?"

அதற்குள் கடைசி ஆள் ஏறிவிட்டார். வண்டி புறப்பட்டது. காற்று வரும் என்று நான் கத்திச் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. வளைவு வந்ததும் கழுத்தைச் சாய்த்து மலையைப் பார்த்தேன். இந்தத் தடவை பக்கத்திலிருந்த சீனக் கிழவரும் என்னோடு சேர்ந்து பார்த்தார். நான் எதைப் பார்க்கிறேன் என்று அறிவதற்காக இருக்கலாம்.

இரவு சிங்கப்பூர் வந்து சேர்ந்தேன். ஞாயிறு காலை வழக்கம்போல நான்கு மணிக்கு விழிப்பு வந்தது. மேஜை சுவரைப் பார்த்துக் கிடந்தது. அதற்கு மேலே அட்டவணை. டாக்டர் சொன்ன நாட்களில் பாதிக்குமேல் பாக்கி இருந்தது. வெளுத்ததும் கடற்கரைத் துறைக்கு நடந்துபோய் ஒரு சம்பான் படகு அமர்த்திக்கொண்டேன். போக வர முப்பது காசு. நாகப்பட்டினத்துக் கப்பல் ஒன்று நங்கூரம் போட்டிருந்தது. ஆட்களெல்லாம் முன்தினமே இறங்கிவிட்டார்கள். ஏணி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே காவலிருந்த லஸ்கர் மாலுமியிடம், கொஞ்சம் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"யாரைப் பார்க்கணும்?" என்றான்.

"யாரையும் இல்லை."

அவன் தோளைக் குலுக்கினான். பாதி ஏணி ஏறி, திரும்பி, நின்றேன்.

ஊர் இருந்தது, கிடங்குகளின் கூரைகள் இருந்தன, படகுகள் இருந்தன. அதையெல்லாம் எதிர்பார்த்தேன். நான் எதிர்பாராதது ஒன்று. தண்ணீருக்கு அப்பால், வடகிழக்கே, வானத்தோடு சேர்ந்தும் சேராமலும் ஒரு நீலக்கோடு. ஜொகூர்க் கரை. இருபத்தேழு வருஷத்திற்கு முன்பும் அது அங்கேயே இருந்திருக்கிறது. காற்று நன்றாக வந்தது. கீழே சம்பான்காரன் பொறுமையிழந்து துடுப்பால் தட்டும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

கரைக்குத் திரும்பிப் படியேறிய பிறகுதான் கவனித்தேன். அவ்வளவு நேரமும் ஏணிக்கயிற்றைப் பிடித்திருந்தது வலது கை. இறங்கும்போது அது தானாகவே கயிற்றை விட்டிருந்தது.